வரிசையில் முதல் பை

எங்கள் தீவில் படகுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பதில்லை. பைகள்தான் நிற்கும்.

காலை ஆறரைப் படகுக்கு ஐந்தரைக்கே முதல் பை வந்துவிடும். வைத்தவர் வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம் போடுவார், இல்லையென்றால் டீக்கடையில் உட்கார்ந்து அடுத்த வீட்டு விஷயத்தை அலசுவார். அதற்குப் பின்னால் பள்ளிக்கூடப் பை, மீன் கூடை, சுருட்டிய பாய், மடக்கிய குடை என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். ஒரு தடவை ஒற்றைச் செருப்பு நின்றது. அதையும் ஏற்றுக்கொண்டேன், ஆள் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். செங்கல் மட்டும் செல்லாது. அது நான் போட்ட சட்டம். செங்கல்லை வைத்துவிட்டுப் போகிறவன் வராமலும் போகலாம்; பையை வைத்தவன் வந்தே தீருவான். அதனால் பை என்றால் ஆள். அதை யாரும் தொடமாட்டார்கள், நகர்த்தமாட்டார்கள், யாருடையது என்று கேட்கக்கூட மாட்டார்கள்.

அந்தப் படகை ஓட்டுகிறவள் நான். பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். ஊரில் எனக்கு டிரைவரம்மா என்றுதான் பெயர். என் வீட்டுக்காரரும் நாலு பேர் முன்னால் அப்படித்தான் கூப்பிடுவார், கிண்டலுக்கு. மூக்கு மேல் கோபம் வருகிறவள் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. உண்மைதான். ஆனால் என் வேலையில் குறை சொல்ல ஆள் கிடையாது. படகை ஜெட்டியில், அதாவது படகுத்துறை மேடையில், அணைக்கும்போது, என் கதவு வரிசையின் முதல் பைக்கு நேராக வந்து நிற்கும். ஒரு சாண் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ போனால் அன்று முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

போன வருடம், புதுப் படகு வருகிறது என்று படகுக் கம்பெனி சொன்னது. இரண்டு எஞ்சின், எண்பது பேர் உட்காரலாம், கண்ணாடி போட்ட ஓட்டும் அறை. வெளிநாட்டில் ஒரு கட்டும் தளத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அங்கேயே நான்கு நாள் பயிற்சி கொடுத்து, கடைசி நாள் சோதனை வைப்பார்களாம். தேறினால் புதுப் படகு எனக்கு. தேறாவிட்டால் எதிர்க்கரையில் கம்பெனி ஏற்கனவே ஒருவரைப் பிடித்து வைத்திருந்தது. அவர் வீடு அந்தக் கரையில். ஆக, படகையும் இரவில் அந்தக் கரையில்தான் கட்டுவார்.

இதன் அர்த்தத்தை எனக்குச் சொன்னவள் என் நாத்தனார். தீவின் ஒரே நர்ஸ் அவள்தான்.

"அண்ணி, யார் ஓட்டுறாங்கங்கறது எனக்கு விஷயமே இல்ல. படகு எந்தக் கரையில தூங்குதுங்கறதுதான் விஷயம். ராத்திரி ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா, அந்தக் கரையில இருக்கறவர நான் நீந்திப் போயா எழுப்பறது?"

என் வீட்டு வாசலில் இருந்து ஜெட்டி நாற்பது அடி. இத்தனை வருடத்தில் அவள் எத்தனை முறை வந்து கதவைத் தட்டியிருக்கிறாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. தட்டும்போதெல்லாம் நான் கத்துவேன். கத்தி முடிப்பதற்குள் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

"நான் தேறிட்டுத்தான் வருவேன். நீ போய் ஊசி போடற வேலையப் பாரு," என்றேன்.

அழைப்புக் கடிதத்தில் துணைவரையும் அழைத்து வரலாம் என்று இருந்தது. அங்கேதான் சிக்கல். என் வீட்டுக்காரர் தையல்காரர். அவருக்கும் தண்ணீருக்கும் ஆகவே ஆகாது. என் படகில் அவர் ஏறியது மொத்தம் மூன்று முறை. மூன்று முறையும் வாளிக்குள் தலையை விட்டவர், அக்கரை வந்தபிறகுதான் எடுத்தார். நூல், பொத்தான், துணி எல்லாம் அவருக்கு என் படகில்தான் வரும், ஆனால் அவர் வரமாட்டார். ஊரில் இதை வைத்து எங்களைக் கேலி செய்யாதவர்கள் இல்லை.

கடிதத்தை இரண்டு நாள் தையல் மெஷின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீ தனியாப் போனா அங்க யார்கிட்ட கத்துவ? நானும் வரேன்."

பயணத்துக்கென்று ஒரு பை தைத்தார். கெட்டியான நீலத் துணி, இரட்டைப் பிடி, அடிப்பக்கத்தில் இரட்டைத் தையல். என் ஓட்டப் பதிவேடு அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒவ்வொரு நாளும் எத்தனை முறை போய் வந்தேன், காற்று எப்படி, நீரோட்டம் எப்படி, எத்தனை பேர் வந்தார்கள் என்று பத்தொன்பது வருடத்தையும் எழுதி வைத்த தடிமனான புத்தகம் அது. சோதனைக்கு அது கட்டாயம் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

பெட்டியில் அவர் முதலில் வைத்தது தன் கத்தரிக்கோலை. இருபத்திரண்டு வருடமாக அவர் கையில் இருக்கும் கறுப்புப் பிடிக் கத்தரிக்கோல். அதை எனக்குக்கூடத் தரமாட்டார். காகிதம் வெட்டினேன் என்பதற்காகக் கல்யாணமான புதிதில் ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்த ஆள்.

"இது எதுக்குங்க?"

"ஒரு ஆத்திர அவசரத்துக்கு."

விமானம் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். பக்கத்து இருக்கைக்காரரின் கோட்டுக் கழுத்து சரியாக உட்காரவில்லை என்று என்னிடம் மூன்று முறை சொன்னார்.

எங்களுக்குக் கொடுத்த அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர்தான் நடக்க முடியும். ஒருவர் எழுந்தால் மற்றவர் காலை மடக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் குழாய்கள். குளிர் எலும்பு வரை போனது. முதல் மூன்று நாளும் துறைமுகத்தின் இந்தப் பக்கமே, ஒரு வகுப்பறையில் பயிற்சி. பெரிய திரையில் கடல் ஓடும், நாற்காலி ஆடாமல் நிற்கும். பழைய படகில் வேகத்துக்கு முன்னும் பின்னும் தள்ள ஒரே கம்பி. புதுசில் இரண்டு எஞ்சினுக்கும் இரண்டு கம்பி. ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் தள்ளினால் படகு நின்ற இடத்திலேயே திரும்பும். முதல் நாள் திரையிலேயே ஒரு கலங்கரை விளக்கத்தை இடித்தேன். மூன்றாம் நாள் அந்த இரண்டு கம்பியும் என் பேச்சைக் கேட்டன.

மொழிபெயர்க்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், புத்தகத்தில் படித்த தமிழ். நான் என்ன கத்தினாலும் அதை மரியாதையாக மாற்றிச் சொல்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது.

கொடுத்த ஆரஞ்சு நிறச் சட்டையின் கைகள் என் விரலையும் தாண்டித் தொங்கின. மூன்றாம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அதை வெட்டி மடித்துத் தைத்துக் கொடுத்தார். கத்தரிக்கோலைத் துடைத்து ஃபிளானல் துணியில் சுற்றி, நீலப் பைக்குள் வைத்தார். அறையில் விட்டுப் போனால் துப்புரவு செய்ய வருகிறவர்கள் எடுத்துவிடுவார்களாம்.

நான்காம் நாள்தான் சோதனை. கட்டும் தளம் துறைமுகத்தின் எதிர்ப்பக்கம். ஏழே முக்கால் பயணிகள் படகில் போனால் எட்டரைக்குச் சோதனை. என் வீட்டுக்காரர் படகு நிலையம் வரை வந்து என்னை ஏற்றிவிட்டு, நடந்தே அறைக்குத் திரும்புவதாகப் பேச்சு.

ஏழு மணிக்கே போய்விட்டோம். பெரிய கூடம், பளபளவென்று தரை, தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்குப் பின்னால் இன்னும் யாரும் இல்லை.

"பாருங்க, இங்கயும் வரிசைக்குக் கோடு போட்டு வெச்சிருக்காங்க. மரியாதையான ஊரு. பைய வெச்சுட்டு வாங்க, ஒரு டீ குடிக்கலாம்," என்றேன்.

சொன்னது நான்தான். இதை அப்போது ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பையைக் கோட்டின் முனையில், பிடி இரண்டும் நிமிர்ந்து நிற்கும்படி அழகாக வைத்தார். மாடியில் இருந்த டீக்கடைக்குப் போனோம். கண்ணாடிச் சுவர் வழியே கூடம் முழுவதும் தெரிந்தது. வரிசையில் முதல் பை நம்முடையது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. பாதி டீ குடித்திருப்பேன். கீழே விசில் சத்தம். ஆட்கள் எல்லாரையும் யாரோ பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நாடா கட்டினார்கள். நடுவில் எங்கள் பை மட்டும் தன்னந்தனியாக நின்றது.

"என்னங்க, நம்ம பைய ஒரு நாய் மோந்து பாக்குது."

"பசியா இருக்கும். உள்ள பன் இருக்கே," என்றார் அவர்.

நாயின் கயிற்றைப் பிடித்திருந்தவன் இடுப்பில் துப்பாக்கி இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினோம். என் வீட்டுக்காரர் நாடாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், "இது எங்க பை, எங்க பை," என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அவ்வளவுதான், இரண்டு பேர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பையை ஒரு பெட்டிக்குள் ஓட்டிப் படம் பிடித்தார்கள். திரையில் என் புத்தகம் தெரிந்தது, பன் தெரிந்தது, அதற்கு மேலே ஒரு முழம் நீளத்துக்குக் கத்தரிக்கோல் பளிச்சென்று தெரிந்தது. அதைப் பார்த்த காவலர் முகம் மாறிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தை என் வீட்டுக்காரர்மேல்தான் காட்டினேன். வேறு யார் இருக்கிறார்கள்?

"கத்தரிக்கோல யாராவது பைக்குள்ள வைப்பாங்களா? புத்தி இருக்கா உங்களுக்கு? என் புஸ்தகம் அதுக்குள்ள இருக்கு!"

ஒரு கண்ணாடி அறையைக் காட்டி அவரை வரச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து வெளியே படகு ஊதியது. ஏழே முக்கால்.

அடுத்த படகு ஒன்பதரைக்கு. அதில் போனால் சோதனை நேரம் தவறிவிடும். மொழி தெரியாத ஊரில், துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் நடுவே அவரை விட்டுவிட்டு எப்படிப் போவது? எனக்குக் கை கால் ஓடவில்லை. என் வாழ்க்கையில் எனக்குக் கை கால் ஓடாமல் போனது அந்த ஒரு நிமிஷம்தான்.

"நீ போ," என்றார் அவர்.

"நீங்க?"

"நான் என்ன சின்னக் குழந்தையா? இவங்களுக்கு நான் புரிய வெச்சுக்கறேன். நீ போய்ப் படக ஓட்டு. புஸ்தகம் வந்து சேரும்."

"எப்படி வரும்? யார் கொண்டு வருவாங்க?"

"போம்மான்னா போ."

போனேன். ஏறும் பலகையை எடுக்கும் நேரத்தில் ஏறினேன். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக இன்னொருவர் ஓட்டும் படகில் பயணியாக உட்கார்ந்தேன். திருப்பம் சரியில்லை, வேகத்தைக் குறைத்தது தாமதம் என்று குறை கண்டுபிடித்துக்கொண்டே வந்தேன். அப்படிச் செய்யாவிட்டால் அழுதிருப்பேன்.

சோதிக்க வந்த அதிகாரி ஒல்லியான வயதானவர். சிரிப்புக்கும் அவருக்கும் வெகுதூரம். முதல் கேள்வியே பதிவேடு எங்கே என்பதுதான். நடந்ததைச் சொன்னேன். மொழிக்காரப் பெண் அதை அவர்கள் மொழிக்கு மாற்றி, அவர் பதிலை எனக்கு நல்ல தமிழில் திருப்பித் தந்தாள்.

"சோதனையைத் தொடங்கலாம் என்கிறார். ஆனால் பதிவேட்டைக் கண்ணால் காணாமல் கையெழுத்திட இயலாதாம். பதினொரு மணிக்கு அவர் வேறு ஊருக்குப் புறப்படுகிறார்."

"என் புருஷன் கொண்டு வருவார்னு சொல்லு," என்றேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் குரலில் இருந்தது. அவள் நுழைவாயிலில் இருந்தவருக்கும் போன் செய்து, இப்படி ஒருவர் வந்தால் உள்ளே விடுங்கள் என்று சொல்லி வைத்தாள்.

புதுப் படகு ஒரு மாடி உயரம். ஓட்டும் அறையில் ஏறி நின்றதும் என் மனசு தெளிந்துவிட்டது. என்னை எந்தப் படகில் நிற்க வைத்தாலும் நான் நான்தான். நேராக ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். நின்ற இடத்தில் திருப்பச் சொன்னார், திருப்பினேன். தண்ணீரில் ஒரு பொம்மையைத் தூக்கிப் போட்டு மனிதர் விழுந்துவிட்டார் என்றார். திரும்பிப் போய், படகின் நிழல்கூட அதன்மேல் படாமல் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

கடைசியாக ஜெட்டியில் அணைக்கும் சோதனை. கான்கிரீட் ஜெட்டியின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. படகின் கதவு அந்தக் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். ஒரு அடிக்கு மேல் விலகக் கூடாது. இரண்டு வாய்ப்பு. ஒன்றில் சரியாக நிறுத்தினால் போதும்.

எனக்கா இது சோதனை என்று மனதுக்குள் சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் ஆறடி தள்ளி நிறுத்தினேன்.

என் முகத்தில் ஈயாடவில்லை. என்ன ஆனது என்று எனக்குப் புரியவில்லை. கம்பிகள் சரி, வேகம் சரி, நீரோட்டம் இருந்தும் இல்லாத அளவு. ஆனால் அந்த உயரத்தில் இருந்து, கடைசிப் பத்து கஜத்தில் தரையோடு தரையாக இருந்த கோடு படகின் விளிம்புக்கு அடியில் போய் மறைந்துவிட்டது. அதற்குப் பிறகு எதைப் பார்ப்பது? துடைத்து வைத்த ஜெட்டி. ஒரு துரும்பு இல்லை. பத்தொன்பது வருடத்தில் பை இல்லாத ஜெட்டியில் நான் படகை அணைத்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாள் நான் கோட்டைப் பார்த்து ஓட்டவில்லை. பையைப் பார்த்து ஓட்டியிருக்கிறேன்.

"இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. சிறிது இளைப்பாறுகிறீர்களா என்று கேட்கிறார்," என்றாள் மொழிக்காரப் பெண்.

"இளைப்பாறறதா? ஒரு சுத்து சுத்திட்டு வரேன்னு சொல்லு."

துறைமுகத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டேன். சுவரில் ஏதாவது அடையாளம் உண்டா, விளக்குக் கம்பம் உதவுமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். ஒன்றும் கோட்டுக்கு நேராக இல்லை. நாத்தனார் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. படகு எந்தக் கரையில் தூங்கும் என்பது இனி என் கையில் இருக்கும் இந்த இரண்டு கம்பியில்.

அப்போது எங்களைத் தாண்டி ஒன்பதரைப் படகு போய்ப் பக்கத்துத் துறையில் நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். எல்லாரும் இறங்கிய பிறகு ஒருவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு இறங்கினார். பழுப்பு ஸ்வெட்டர். ஜெட்டியின் ஓரத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துக் குனிந்து, செய்ய வேண்டியதைச் செய்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கையில் நீலப் பை.

"அது என் புருஷன்!" என்று கத்தினேன். அதிகாரி பேனாவைக் கீழே போட்டுவிட்டார்.

அவர் எங்கள் ஜெட்டிக்கு நடந்து வந்தார். படகு வருவதைப் பார்த்தார். தரையில் கோடு இருப்பதைப் பார்த்தார். அப்புறம் எங்கள் தீவில் பிறந்த எவரும் செய்வதைத்தான் செய்தார். பையைக் கோட்டின்மேல் வைத்தார், பிடி இரண்டையும் நிமிர்த்திவிட்டார், தள்ளிப் போய் ஒரு இரும்புப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். காலையில்தான் அதே காரியத்துக்காகப் பிடித்து உள்ளே வைத்திருந்தார்கள். மனிதர் திருந்தவில்லை.

கயிறு பிடிக்க நின்ற ஊழியர் ஒருவர் பையைப் பார்த்து அதை எடுக்கப் போனார்.

"தொடாதே!" என்று ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போட்டேன்.

மொழிக்காரப் பெண் மரியாதையாக மாற்றிச் சொல்ல வாயெடுத்தாள். தேவைப்படவில்லை. அந்த ஊழியர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

அப்புறம் எனக்குச் சோதனை என்ற நினைப்பே இல்லை. ஆறரைப் படகு, வரிசையில் முதல் பை, அவ்வளவுதான். கடைசிப் பத்து கஜத்தில் கோடு மறைந்தது. நீலப் பை மறையவில்லை. இடது கம்பியை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்தேன். ஜெட்டி ஓரத்து டயரில் உரசிய சத்தம்கூடக் கேட்கவில்லை. கதவு திறந்தது. பையை உள்ளேயிருந்தே கையை நீட்டி எடுக்கலாம்.

அதிகாரி இறங்கி, ஒரு நாடாவை வைத்து அளந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"பையைக் குறியாகக் கொண்டீர்களா என்று கேட்கிறார்," என்றாள் அவள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா. எங்க ஊர்ல பைதான் குறி. எங்க ஜெட்டில எப்பவும் பை இருக்கும்."

அவர் பையில் இருந்து பதிவேட்டை எடுத்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓரிடத்தில் நிறுத்தி, விரலை வைத்து ஏதோ கேட்டார்.

"பயணிகள் எண்ணிக்கை என்ற பத்தியில் ஒவ்வொரு நாளும் ஒரே சொல் இருக்கிறதாம். என்ன சொல் அது?"

எட்டிப் பார்த்தேன். பை 31. பை 18. பை 44. பத்தொன்பது வருடமாக நான் ஆட்கள் என்று எழுதியதே இல்லை. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல அந்த ஒல்லியான முகத்தில் ஏதோ அசைந்தது. அதைச் சிரிப்பு என்று சொல்லலாம்.

"குறி இல்லாமல் எந்த ஓட்டுநராலும் நிறுத்த முடியாது என்கிறார். கதவு எங்கே நின்றது என்பதே தமக்கு வேண்டுமாம். இரண்டு விரல் அளவுதான் விலகியிருக்கிறதாம்." கொஞ்சம் நிறுத்தி அவளாகவே சேர்த்தாள். "நீங்கள் தேறிவிட்டீர்கள், அக்கா."

உச்சி குளிர்ந்துபோனது. கையெழுத்தான தாளை வாங்கிக்கொண்டு இரும்புப் பெட்டிப் பக்கம் போனேன். அவர் முகம் வெளிறிக் கிடந்தது.

"தேறிட்டேன்."

"தெரியும். கதவு நேரா வந்துதே," என்றார். "திரும்பிப் போறதுக்கும் படகுதானா?"

"படகுதான்."

"கடவுளே," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்று கேட்டேன். காவலரின் சாப்பாட்டுப் பையை வாங்கித் தரையில் வைத்து, தள்ளிப் போய் நின்று டீ குடிப்பதுபோல் நடித்துக் காட்டினாராம். மறுபடி வந்து பைக்குப் பின்னால் நின்றாராம். இதை நான்கு முறை செய்தாராம். நான்காம் முறை காவலரும் அவரோடு சேர்ந்து நின்றாராம்.

சாயங்காலம் அறையில் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தோம். நீலப் பையின் பிடியில் காவலர்கள் மாட்டிய பிளாஸ்டிக் பட்டை தொங்கியது. கையால் இழுத்தேன், வரவில்லை.

"கத்தரிக்கோலக் குடுங்க, இத வெட்டணும்."

அவர் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

"அது அங்கேயே இருக்கட்டும்."

"எங்க?"

"அவங்ககிட்ட. அத வாங்கணும்னா மத்தியானம் பெரிய அதிகாரி வரணுமாம், வந்து எழுதித் தரணுமாம். இல்ல, வேண்டாம்னு கையெழுத்துப் போட்டா பைய உடனே தந்துருவாங்களாம். ஒன்பதரைப் படகு நின்னுட்டிருந்துது." சட்டையைப் பெட்டியில் வைத்தார். "போட்டுட்டேன்."

நான் அழுகிற ஆள் இல்லை. அன்று அழுதேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டு மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். காலையில் அவரைப் புத்தி இருக்கிறதா என்று கேட்ட வாய் இது. பையை வைக்கச் சொன்ன வாயும் இதுதான்.

"நான்தான் பைய வைக்கச் சொன்னேன்," என்றேன்.

"ஆமா. அதுக்கு என்ன இப்ப? கால மடக்கு, நான் அந்தப் பக்கம் போகணும்."

இரண்டு மாதம் கழித்துப் புதுப் படகு தீவுக்கு வந்தது. முதல் நாள் இரவு அதை எங்கள் ஜெட்டியில் கட்டினேன். என் நாத்தனார் வந்து கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். விடியற்காலையில் ஒரு முறை வெள்ளோட்டமாகத் தீவைச் சுற்றிவிட்டு, ஆறரைக்கு ஆள் ஏற்ற ஜெட்டிக்குத் திரும்பினேன். ஊரே கூடியிருந்தது. பைகளின் வரிசை டீக்கடை வரை நீண்டிருந்தது.

முதல் பை நீலம். பிடியில் பிளாஸ்டிக் பட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது முறையாக என் படகில் ஏறத் துணிந்திருந்தார். இரண்டு மாதமாக இரவல் கத்தரிக்கோலில் வெட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கைக்குப் பிடிபடவில்லை என்று விட்டுவிட்டார். தையல்காரனுக்குக் கத்தரிக்கோலை இன்னொருவர் வாங்கி வர முடியாதாம், கையில் பிடித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டுமாம். கடைகள் எதிர்க்கரையில்.

கதவை நீலப் பைக்கு நேராக நிறுத்தினேன். டீக்கடையில் இருந்து எழுந்து வந்து அவர் பைக்குப் பின்னால் நின்றார். யாருடைய பை என்று யாரும் கேட்கவில்லை.

"வாளி இருக்கா, டிரைவரம்மா?" என்றார் ஊர் முழுக்கக் கேட்கும்படி.

முன் இருக்கைக்குப் பக்கத்தில் அதை நான் இரவே வைத்திருந்தேன்.